கோடரிக்கும் குளம்புக்கும் நடுவே

காட்டு மரத்தை அளக்க உலகின் பெரும்பாலான இடங்களில் ஒரே முறைதான். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய நெஞ்சுக்கு நேராக, அடிமரத்தைச் சுற்றி நாடாவை இழுத்துப் பிடிக்க வேண்டும். சரிவில் நிற்கும் மரமென்றால் மேட்டுப் பக்கம் நின்றுகொள்ள வேண்டும். கொடி பற்றியிருந்தால் நாடா கொடிக்கு அடியில் நுழைந்து வர வேண்டும். மழைக்காட்டுப் பெருமரங்களின் அடி பலகை பலகையாக விரிந்திருக்கும். அந்தப் பலகை வேர் முடிகிற உயரத்துக்கு மேலே ஏறித்தான் அளக்க முடியும். ஒருவர் அளவைக் கூவ, இன்னொருவர் தாளில் குறிப்பார். சலிப்பான வேலை. ஆனால் இந்த வேலை இல்லையென்றால் ஒரு காட்டின் உடல்நிலையைப் பற்றி நமக்கு அநேகமாக ஒன்றுமே தெரியாது.

அளந்து முடித்ததும் மரங்களை விட்டத்தின்படி வகுப்பு பிரிப்பார்கள். 10 சென்டிமீட்டருக்குக் கீழே எத்தனை, 10 முதல் 20 வரை எத்தனை, 20 முதல் 30 வரை எத்தனை என்று. தன்னைத் தானே புதுப்பித்துக்கொள்கிற ஒரு காட்டில், ஒல்லித் தண்டுகள்தாம் மிக மிக அதிகம். அடுத்தடுத்த வகுப்பில் எண்ணிக்கை மளமளவென்று சரியும். கடைசியில், ஒரு ஹெக்டேருக்கு விரல்விட்டு எண்ணும்படி சில பெருமரங்கள் நிற்கும். 1898-இல் பிரான்சுவா த லியோகூர் என்ற பிரெஞ்சு வனவியலாளர் இந்தச் சரிவைக் கணக்கு வடிவில் எழுதிக் காட்டினார். ஓர் ஊரின் மக்களை வயதுவாரியாக எண்ணினால் அந்த ஊரின் நாளைய நிலை தெரிந்துவிடுவதுபோல, இந்தச் சரிவைப் பார்த்தால் காட்டின் நாளைய நிலை தெரியும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையே இல்லாத ஊர் இன்றைக்கு நன்றாகத்தான் இருக்கும்.

காட்டின் கட்டமைப்பு என்று அறிவியலாளர்கள் சொல்வதில் இந்த வயதடுக்கு ஒரு பங்கு. உயரடுக்கு இன்னொன்று: உச்சிக்கு மேல் தலைநீட்டும் பெருமரங்கள், அதற்குக் கீழே தொடர்ச்சியான கவிப்பு, அதன் நிழலில் நடுத்தர மரங்கள், பிறகு புதர், கடைசியாகத் தரையை ஒட்டிய கன்றும் புல்லும். பட்டு நிற்கிற மரங்கள், விழுந்து மக்குகிற கட்டைகள், பொந்துகள், கொடிகள், கவிப்பில் ஆங்காங்கே திறந்திருக்கும் வெளிச்சத் துளைகள் எல்லாமே இந்தக் கட்டமைப்பில் சேர்த்தி.

இவற்றில் பெரும்பாலானவை வானத்திலிருந்து தெரிவதில்லை. டேராடூனில் உள்ள இந்திய வன ஆய்வு நிறுவனம் இரண்டாண்டுக்கு ஒருமுறை வெளியிடும் அறிக்கை, செயற்கைக்கோள் படங்களில் தெரிகிற மரக்கவிப்பை வைத்துத்தான் காட்டை வகைப்படுத்துகிறது. கவிப்பு 70 விழுக்காடும் அதற்கு மேலும் இருந்தால் மிக அடர்ந்த காடு, 40 முதல் 70 வரை நடுத்தரம், 10 முதல் 40 வரை திறந்த காடு. ஒரு ஹெக்டேருக்குக் குறையாத பரப்பில் பத்து விழுக்காடு கவிப்பு இருந்தால் போதும். அது தோப்பா, தோட்டமா, இயற்கைக் காடா என்று அந்தக் கணக்கு பார்ப்பதில்லை. பரப்பை அறிய இது உதவும். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையில் அழியாமல் நிற்கிற காட்டுக்கு என்ன ஆயிற்று என்று கேட்டால் இதில் விடை கிடைக்காது. அங்கே காணாமல் போயிருப்பவை வயதுகள். கோடரி மூத்த முனையிலிருந்து எடுத்தது. மாட்டின் வாய் இளைய முனையிலிருந்து எடுத்தது. இரண்டும் ஒரே காட்டில் நடந்த இடங்களில், நடுவயது மரங்கள் மட்டும் வாரிசில்லாமல் நிற்கின்றன.

கோடரியிலிருந்து தொடங்குவோம்.

பொள்ளாச்சியிலிருந்து சேத்துமடை வழியாக ஆனைமலையில் ஏறினால் டாப்ஸ்லிப் வரும். மலைமேல் வெட்டிய தேக்கங்கட்டைகளை இந்த உச்சியிலிருந்து சரிவில் உருட்டிவிட்டுக் கீழே அடிவாரத்தில் சேர்த்தார்கள். பெயர் அப்படி வந்ததுதான். வெட்டிய மரங்களின் முதல் பெரிய வாடிக்கையாளர் கடற்படை. இங்கிலாந்தில் கப்பலுக்கேற்ற ஓக் மரம் அரிதாகிக்கொண்டிருந்தபோது, உப்புநீருக்கும் கப்பல்புழுவுக்கும் எளிதில் மசியாத தேக்கின்மேல் கண் விழுந்தது. 1806-இல் கேப்டன் வாட்சன் என்பவரை மலபார்க் காடுகளுக்குக் காப்பாளராக நியமித்தார்கள். காப்பாளர் என்பது பெயர்தான். கடற்படைக்குத் தேக்கு தடையின்றிப் போய்ச்சேர வேண்டும் என்பதே வேலை. காட்டு உடைமையாளர்களும் வணிகர்களும் எதிர்த்ததால் 1823-இல் அந்தப் பதவியையே எடுத்துவிட்டார்கள். 1817-இல் பம்பாயில் மலபார்த் தேக்கால் கட்டிய போர்க்கப்பல் ஒன்று இன்றைக்கும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் துறையில் மிதந்துகொண்டிருக்கிறது. அதன் பெயர் டிரிங்கோமலி, நம் திருகோணமலைதான். அந்தக் கப்பலின் பலகைகளைத் தந்த மரங்கள் எந்தச் சரிவில் நின்றனவோ, அங்கே அதே பருமனில் இன்னொரு மரம் வந்திருக்குமா என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

கடற்படைக்குப் பிறகு ரயில். ஒரு மைல் தண்டவாளத்துக்கு 1,760 முதல் 2,000 வரை கட்டைகள் தேவைப்பட்டன. கட்டை உளுத்தால் மாற்ற வேண்டும், மாற்றுவதற்கும் மரம் வேண்டும். 1856-இல் சென்னை மாகாணத்தின் வனக்காப்பாளரான ஹியூ கிளெக்கார்ன் முதல், அடுத்து வந்த அதிகாரிகள் பலரும் கட்டுப்பாடில்லாத வெட்டைக் கண்டு கவலைப்பட்டவர்கள். 1882-இல் சென்னை வனச் சட்டம் வந்தது. காட்டைக் கூப்புகளாகப் பிரித்து, ஆண்டுக்கு இன்ன கூப்பு என்று முறைவைத்து வெட்டும் ஏற்பாடு வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆனைமலையில் பணியாற்றிய ஹியூகோ வுட், மரத்தை வேரோடு அழிக்காமல் அடித்தூரை விட்டு வெட்டி மறுதாம்பாகத் துளிர்க்க வைத்தார். வெறுமையான இடங்களில் தேக்கு நட்டார். அவருடைய கல்லறை டாப்ஸ்லிப்பில் தேக்கு மரங்களுக்கு நடுவே இருக்கிறது. வுட் இல்லையென்றால் அந்தச் சரிவுகள் மொட்டையாகியிருக்கும் என்று அங்குள்ளவர்கள் நன்றியோடு சொல்வார்கள். அந்த நன்றி நியாயமானது. ஆனால் அவர் திருப்பித் தந்தது மரத்தை. முன்பு இருந்த காடு வேறு.

வேறுபாட்டை ஒரு மழைநாளில் பார்க்கலாம். இயற்கையான இலையுதிர் காட்டில் தேக்கோடு வேங்கை, ஈட்டி, வெண்தேக்கு, கருமருது, வெக்காலி, நெல்லி எல்லாம் கலந்து, வெவ்வேறு உயரத்தில் நிற்கும். மேலிருந்து விழும் நீர் அடுக்கடுக்காகத் தட்டுப்பட்டு, உடைந்து, தரைக்கு வரும்போது வேகம் தணிந்திருக்கும். ஒரே வயதுத் தேக்குத் தோட்டத்தில் உள்ளது ஓர் அடுக்குதான். அகன்ற தேக்கிலையில் மழைத்துளிகள் ஒன்றுசேர்ந்து பருத்து, பெரிய சொட்டுகளாக விழுகின்றன. கீழே புதரோ சருகோ இல்லாத இடத்தில் அந்தச் சொட்டு வெட்டவெளி மழையைவிடக் கடுமையாக மண்ணைத் தாக்கும். சருகைத் தீ எரித்துவிட்ட தேக்குத் தோட்டங்களில் முதல் மழைக்குப் பிறகு சிறு கற்கள் மண்தூண்களின் தலையில் உட்கார்ந்திருக்கும். கல்லின் அடியில் இருந்த மண் மட்டும் தப்பியது. சுற்றிலும் இருந்தது கரைந்து போய்விட்டது.

மழைக்காடுகளில் வெட்டு வேறு மாதிரி நடந்தது. மொத்தமாக வெட்டாமல் பொறுக்கி வெட்டினார்கள். குறிப்பிட்ட சுற்றளவுக்கு மேற்பட்டவற்றை மட்டும் குறி போட்டு எடுப்பது. தண்டவாளக் கட்டைக்கு, ஒட்டுப்பலகைக்கு, தீக்குச்சிக்கு என ஒவ்வொரு தேவைக்கும் ஓர் இனம் பட்டியலில் ஏறியது. ஹெக்டேருக்குச் சில மரங்கள்தானே என்று காகிதத்தில் இது மென்மையாகத் தோன்றும். காட்டுக்குள் நடந்ததைப் பார்த்தால் அப்படி இல்லை. நாற்பது மீட்டர் மரம் தனியாக விழாது. கொடிகள் அதை அக்கம்பக்கத்து மரங்களோடு கட்டியிருக்கும். அது சாயும்போது அவற்றின் கிளைகளை முறித்து, சிலவற்றை வேரோடு இழுத்துக்கொண்டு சாயும். பிறகு கட்டையை வெளியே இழுக்க வேண்டும். கோழிகமுத்தி, தெப்பக்காடு முகாம்களின் யானைகள் இழுத்த காலத்தில் தடம் குறுகலாக இருந்தது. லாரி வந்தபின் சாலை வந்தது. சாலை வந்த இடத்தில் கவிப்பு இருபுறமும் விலகி, வெயிலும் காற்றும் உள்ளே புகுந்து, ஈரத்தை நம்பி வாழும் ஓரத்து மரங்கள் ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும். இலங்கையின் சிங்கராஜாவில் 1970-களின் தொடக்கத்தில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக இயந்திரங்களோடு பொறுக்கி வெட்டத் தொடங்கி, மக்கள் எதிர்ப்பால் 1977-ஐ ஒட்டி நிறுத்தினார்கள். இன்று அந்தக் காட்டுக்குள் போகிறவர்கள் பெரும்பாலும் அந்தப் பழைய லாரித் தடத்தில்தான் நடக்கிறார்கள்.

பொறுக்கி வெட்டுவதில் இன்னொரு தீங்கு மெதுவாக வேலை செய்கிறது. ஒப்பந்ததாரர் எடுப்பது நேரான, வைரம் பாய்ந்த, குறையில்லாத மரத்தை. கோணலானதும் உளுத்ததும் நிற்கும். அடுத்த தலைமுறைக்கு விதை தருவது பெரும்பாலும் இந்த மிச்சம்தான்.

மூத்த மரம் போனால் அதனோடு என்னென்ன போகும் என்பதற்கு இருவாச்சியைவிடத் தெளிவான சான்று இல்லை. பெரிய இருவாச்சிக்கு அவ்வளவு பெரிய அலகு இருந்தும் மரத்தைக் குடைய வராது. கிளை முறிந்த இடத்தில் நீர் இறங்கி, பூஞ்சை தின்று, ஆண்டுக்கணக்கில் குழிந்து உருவான பொந்துதான் அதற்குக் கூடு. உள்ளே ஒரு பெட்டையும் குஞ்சும் அடங்க வேண்டும் என்றால் அடிமரம் எவ்வளவு பருத்திருக்க வேண்டும் என்று எண்ணிப் பாருங்கள். பெட்டை உள்ளே நுழைந்து, தன் எச்சத்தாலும் பழக்கழிவாலும் வாயிலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு பிளவு மட்டும் மிஞ்சும். அதன்வழியே ஆண் பறவை மாதக்கணக்கில் பழம் ஊட்டும். கிடைத்த பொந்தை ஆண்டுதோறும் தேடி வரும். அந்தப் பழங்களில் காட்டுச் சாதிக்காயும் கருங்குங்கிலியமும் உண்டு. பருத்த விதையுள்ள இவற்றைச் சிறு பறவைகளால் விழுங்க முடியாது. இருவாச்சி விழுங்கி, தொலைவில் கொண்டுபோய்ப் போடும். ஆகவே பொந்துள்ள ஒரு கிழமரத்தை வெட்டினால் கூடு போகிறது. கூடு போனால் பறவை போகிறது. பறவை போனால் வேறெங்கோ முளைத்திருக்க வேண்டிய சாதிக்காய்க் கன்று முளைக்காமல் போகிறது. மூத்த முனையில் விழுந்த வெட்டு இளைய முனையில் வந்து தெரிகிறது. ஆனைமலைக்கு மேற்கே வாழச்சால் காட்டில் காடர் பழங்குடியினர் இந்தக் கூட்டு மரங்களை அடையாளம் கண்டு காத்துவருகிறார்கள். எந்த மரத்தில் எந்தப் பொந்து என்று அவர்களுக்குத் தெரிவதுபோல வேறு யாருக்கும் தெரியாது.

வெட்டிய இடத்தில் வெளிச்சம் கொட்டும். இயற்கையாக ஒரு மரம் விழுந்தாலும் துளை திறக்கும்தான்; ஆனால் அது சிறியது. ஆண்டுக்கணக்காக நிழலில் காத்திருக்கும் நாங்கு, பாலி, வெடிப்பலாக் கன்றுகள் அந்த வெளிச்சத்தில் எழுந்துவிடும். பல துளைகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெருவெளியானால் கதை மாறுகிறது. வட்டக்கண்ணி போன்ற வெயில் விரும்பிகள் பாய்ந்து வளர்ந்து சில ஆண்டுகளில் தலைக்குமேல் மூடிவிடும். செயற்கைக்கோள் கண்ணுக்குக் காடு திரும்பிவிட்டது. உள்ளே உயரம் குறைவு, அடுக்கு குறைவு, பொந்து இல்லை, இந்த மரங்களுக்கு ஆயுளும் குறைவு.

வெட்டு பெரும்பாலும் நின்றுவிட்டது என்பதையும் சொல்லியாக வேண்டும். 1980-இன் வனப் பாதுகாப்புச் சட்டம், 1988-இன் தேசிய வனக் கொள்கை, கூடலூர்க் காடுகளில் நடந்த வெட்டை எதிர்த்துக் கோதவர்மன் திருமுல்பாடு தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 12 அன்று உச்ச நீதிமன்றம் இட்ட ஆணை ஆகிய மூன்றும் சேர்ந்து கோடரியைக் காட்டுக்கு வெளியே நிறுத்தின. சுதந்திர இந்தியாவில் காட்டுக்குக் கிடைத்த மிகப்பெரிய பாதுகாப்பு இது என்று நான் உறுதியாக நம்புகிறேன். ஆனால் வெட்டு நின்ற நாளிலிருந்தே காடு மீளத் தொடங்கியிருக்க வேண்டும். பல இடங்களில் அது நடக்கவில்லை. இளைய முனையைப் பார்த்தால்தான் காரணம் புரியும்.

* * *

வறண்ட மலைக்காட்டில் உள்ள ஒரு பழைய மாட்டுப் பட்டியிலிருந்து வெளிநோக்கி நடந்து பாருங்கள். முள் வெட்டி அடைத்த வேலிக்கு அருகே தரை வெறுமையாக, இறுகிக் கிடக்கும். குளம்பு அழுத்திய மண்ணில் நீர் இறங்காது. மழை பெய்தால் மாட்டுத்தடம் வழியே ஓடி வாய்க்கால் பறிக்கும். அடுத்த வட்டத்தில் எருக்கு, ஊமத்தை, தகரை. சாணச் சத்து மிகுந்த மண்ணில் செழிப்பவை, மாடு வாய் வைக்காதவை. அதற்கும் அப்பால் உண்ணிச்செடி. அழகுக்காக 19-ஆம் நூற்றாண்டில் கொண்டுவந்த இந்தத் தென்னமெரிக்கச் செடி இலையிலேயே நஞ்சு வைத்திருக்கிறது. தின்ற மாட்டின் ஈரலைக் கெடுக்கும். பக்கத்துச் செடிகளையெல்லாம் மாடு மேய்ந்துவிட, போட்டியில்லாமல் இது ஆளுயரத்துக்குப் பரவும். அதையும் தாண்டி நடந்தால் ஒருவழியாகக் காடு வரும். மரங்கள் நன்றாகத்தான் இருக்கும். வேங்கையும் வெக்காலியும் நிமிர்ந்து நிற்கும், பூக்கும், காய்க்கும். கீழே குனிந்து பார்த்தால்தான் வயிறு கலங்கும். விரல் பருமனிலிருந்து தொடைப் பருமன் வரை உள்ள தண்டு அநேகமாக ஒன்றுகூட இருக்காது.

கன்றே முளைக்கவில்லை என்று அவசரப்பட்டுச் சொல்லிவிடக் கூடாது. முழங்கால் உயரத்தில் முடிச்சு முடிச்சாக, பல கிளையாகப் பிரிந்த ஒரு புதரை உற்றுப் பார்த்தால் இலை வேங்கையினுடையதாக இருக்கும். நுனியை மாடு கடித்திருக்கும், பக்கத்துளிரை ஆடு கடித்திருக்கும், தண்டில் போன கோடையின் தீ பட்ட கருப்பு இருக்கும். மண்ணைப் பறித்தால் மேலே உள்ள தண்டோடு பொருந்தாத பருமனில் வேர் இறங்கியிருக்கும். அந்தக் கன்று பல ஆண்டுகளாக உயிரோடு இருக்கிறது. ஒவ்வொரு மழைக்கும் துளிர்க்கிறது, ஒவ்வொரு கோடையிலும் தரைக்குத் திரும்புகிறது. கணக்கெடுப்பின் 1.3 மீட்டர் கோட்டை அது எட்டவே இல்லை. எனவே எந்தப் பட்டியலிலும் அது இல்லை.

எல்லாக் கால்நடையும் ஒரே மாதிரி மேய்வதில்லை. மாடு நாக்கால் புல்லைச் சுற்றி இழுக்கும். புல் இருக்கும்வரை கன்றை அதிகம் தொடாது. மாசி, பங்குனியில் புல் காய்ந்தபின்தான் மரத்துளிர் பக்கம் திரும்பும். ஆடு மழைக்காலத்திலேயே துளிரைத் தேடும், பின்னங்காலில் நின்று எட்டிக் கடிக்கும். இவற்றோடு மேய்ப்பவரின் அரிவாளும் உண்டு. வேங்கைத் தழையும் ஆச்சாத் தழையும் நல்ல தீவனம் என்பதால் அவற்றின் கிளைகளை வெட்டிப் போடுவார்கள். கிளை இழந்த மரம் பூப்பதும் குறைகிறது.

காட்டு விலங்குகளும் மேயத்தானே செய்கின்றன என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். முதுமலையில் இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமாரும் அவர் குழுவினரும் 1988 முதல் 50 ஹெக்டேர் காட்டில் ஒரு சென்டிமீட்டர் விட்டத்துக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் எண் தகடு கட்டி, ஆண்டுதோறும் எது செத்தது, எது புதிதாக வந்தது என்று பதிந்துவருகிறார்கள். முதல் கணக்கில் அங்கே இருந்தவை 25,000-க்குச் சற்று மேற்பட்ட தண்டுகள். பனாமாவின் பாரோ கொலராடோ தீவில் அதே பரப்பில், அதே முறையில் எண்ணியபோது இரண்டு லட்சத்துக்கும் மேல். ஈரக்காட்டையும் இலையுதிர் காட்டையும் ஒப்பிடுவது முழுக்கச் சரியாகாது. ஆயினும் வறட்சி, தீ, யானை மூன்றும் சேர்ந்தாலே இளந்தண்டுகள் எவ்வளவு அருகிப்போகும் என்பது இதில் தெரிகிறது. கிடியா என்ற நார்ப்பட்டை மரத்தை யானைகள் உரித்தும் முறித்தும் தின்றதில் அந்த இனம் அந்த நிலத்தில் சில ஆண்டுகளிலேயே வெகுவாகக் குறைந்தது. யானை ஒரு காட்டின் கட்டமைப்பை மாற்றும். ஆனால் யானை பருவத்துக்குப் பருவம் இடம் மாறும். காட்டெருமையும் மானும் புலிக்கு அஞ்சி ஓரிடத்தில் நிலைக்காது. பட்டி மாடு தினமும் காலையில் அதே வாயிலிலிருந்து கிளம்பி, அதே நீர்நிலைக்குப் போய், மாலையில் அதே வழியில் திரும்பும். ஏற்கெனவே மெல்லிய நூலில் நிற்கும் இளைய வகுப்பை அறுப்பது இந்த விடாத வருகைதான்.

மாடுகள் ஏன் அத்தனை? பால் என்று நினைப்பது இயல்பு. காட்டோரத்துப் பட்டி மாடுகள் பல படிக்கணக்கில் பால் தருபவை அல்ல. எம்.டி. மதுசூதன் பந்திப்பூர்க் காட்டோரத்து ஊர்களில் செய்து 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு வியப்பான விடை தந்தது. பிரேசிலில் காபி விளைச்சல் பொய்த்து உலகச் சந்தையில் விலை ஏறியபோது, இங்குள்ள காபித் தோட்டங்கள் எருவுக்கு நல்ல விலை கொடுக்க முன்வந்தன. அதுவரை உள்ளூர் வயலுக்குப் போன சாணம் லாரியேறி மலைத்தோட்டங்களுக்குப் போகத் தொடங்கியது. மாடு, காட்டுப் புல்லைச் சாணமாக்கித் தரும் விலங்காயிற்று. தென்னமெரிக்காவின் ஒரு மோசமான பருவம் பந்திப்பூரின் வேங்கைக் கன்றில் வந்து முடிந்தது. வயலுக்குரிய சத்து போனது, காட்டுக்குரிய சத்தும் போனது. ஏழை மாட்டுக்காரர் பேராசைப்பட்டார் என்று யாராவது எழுதினால் இந்த ஆய்வை அவர்கள் முன் வைக்க வேண்டும்.

இவற்றோடு தீயைச் சேர்த்துப் பார்க்காமல் கணக்கு முடியாது. கோடை முடிவில் புதுப்புல் துளிர்க்கட்டும் என்று காய்ந்த புல்லுக்குத் தீ வைப்பது மேய்ச்சல்காரர்களின் பழைய வழக்கம். இலையுதிர் காட்டின் பெரிய மரங்களுக்குத் தடித்த பட்டை இருப்பதால் தரைத்தீ அவற்றைக் கொல்வதில்லை. கன்றின் தண்டைத்தான் கொல்கிறது. தேக்கு நாற்று ஆண்டுக்கு ஆண்டு தரைக்குச் செத்து வேரிலிருந்து மீண்டும் துளிர்ப்பதை வனத்துறையினர் வெகு காலமாக அறிவார்கள். தண்டு தீயின் உயரத்தைத் தாண்டி, பட்டை தடிக்க, இடையில் சில ஆண்டுகள் தீயில்லாமல் கிடைக்க வேண்டும். உண்ணிச்செடி மூடிய காட்டில் நிலைமை இன்னும் மோசம். புல்லில் ஓடும் தீ முழங்காலோடு போய்விடும். உண்ணிச்செடிப் புதரில் ஏறினால் கிளைவரை எட்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. மாடு புல்லை மேய்வதால் எரிபொருள் குறைகிறது, தீயும் குறைகிறது. ஒரே நாளில் மாடுகளையெல்லாம் வெளியேற்றினால் புல் ஆளுயரம் வளர்ந்து அடுத்த கோடையில் தீ கடுமையாகும். உண்ணிச்செடி பிடித்துவிட்ட இடத்திலோ மாடு போனாலும் ஒன்றும் மாறாது. கன்றுக்கு வெளிச்சத்தை மறைப்பது இப்போது செடி. மேய்ச்சலை நிறுத்தினால் காடு தானாக வரும் என்பது சில காடுகளுக்கு உண்மை, பல காடுகளுக்கு அரை உண்மை.

மேய்ச்சலே பகை என்று சொல்லவும் முடியாது. நீலகிரி உச்சியில் சோலைக்கும் புல்வெளிக்கும் நடுவே தோடர்களின் எருமைகள் நூற்றாண்டுகளாக மேய்ந்திருக்கின்றன. அங்குள்ள கரிச்சேற்றுப் படிவங்களை ஆராய்ந்தபோது, பல்லாயிரம் ஆண்டுகளாகவே புல்வெளி அங்கு இருந்து வந்திருப்பது தெரிந்தது. அந்தப் புல்வெளியை அழித்தவை எருமைகள் அல்ல. தரிசு என்று நினைத்து அதில் நட்ட சீகையும் தைலமரமும்தான் அழித்தன.

ஆகவே சட்டம் ஒரே வரியில் தீர்த்துவிடக் கூடியது அல்ல இது. 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் தமிழகத்தின் எல்லா வனப்பகுதிகளிலும் கால்நடை மேய்ச்சலுக்குத் தடை விதித்தது. அதே மாதத்தில் தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் என்று தடையைச் சுருக்கிக்கொண்டது. அந்தியூருக்கு மேலே பர்கூர் மலையில் இது பெரும் கலக்கத்தை உண்டாக்கியது. செம்பழுப்பில் வெள்ளைத் திட்டுகள் விழுந்த பர்கூர் மாடு, காட்டில் மேய்ந்து பட்டியில் அடைந்து வளரும் நாட்டினம். ஆடியில் அந்தியூர்க் குருநாதசாமி கோயில் சந்தையில் அதற்குத் தனி மதிப்பு. கட்டுத்தறியில் வைத்து வளர்த்தால் அது பர்கூர் மாடாகவே இருக்காது என்பார்கள் வளர்ப்பவர்கள். 2006-இன் வன உரிமைச் சட்டம் மேய்ச்சலை ஓர் உரிமையாகவே ஏற்கிறது. 2024-இல் அந்த மலைகளின் ஒரு பகுதி தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டபோது கேள்வி மீண்டும் எழுந்தது.

என் நிலைப்பாடு இது. முழுத் தடையும் முழு அனுமதியும் ஒரே பிழையைச் செய்கின்றன: இரண்டும் கன்றின் வயதைப் பார்ப்பதில்லை. பழைய கூப்பு முறையில் ஒரு நல்ல பழக்கம் இருந்தது. வெட்டிய கூப்பை அடுத்த சில ஆண்டுகளுக்கு மேய்ச்சலுக்கு மூடிவைப்பார்கள். மறுதாம்பு மாட்டின் வாய்க்கு எட்டாத உயரம் போனபின் திறந்துவிடுவார்கள். அரசு அதைச் செய்தது மரத்தின் விலைக்காக. அதே முறையைக் காட்டுக்காகச் செய்யலாம். ஒரு சரிவைத் தீயில்லாமலும் மாடில்லாமலும் சில ஆண்டு மூடிவைத்து, கன்றுகள் தப்பியபின் திறந்து, அடுத்த சரிவை மூட வேண்டும். எந்தச் சரிவு, எத்தனை மாடு, எந்த மாதம் என்பதைப் பட்டி வைத்திருப்பவர்களோடு உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். புல் எங்கே முதலில் காயும், வேங்கை எங்கே முளைக்கும் என்று அவர்களுக்குத் தெரியும்.

மழைக்காட்டில் மீட்பு வேலை இன்னும் கைப்பாடு மிகுந்தது. வால்பாறையில், தேயிலைக்கு நடுவே துண்டுதுண்டாக எஞ்சிய சோலைகளில், இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளையைச் சேர்ந்த திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் அவர்கள் குழுவும் இரண்டு பத்தாண்டுகளுக்கும் மேலாக இதைச் செய்துவருகிறார்கள். சாலையோரத்திலும் காட்டோரத்திலும் விழுந்துகிடக்கும் விதைகளைப் பொறுக்கி, நாற்றங்காலில் வளர்த்து, உண்ணிச்செடியைக் கவனமாக அகற்றி, தென்மேற்குப் பருவமழை தொடங்கும்போது நடுகிறார்கள். இயல்பாக முளைத்த கன்றுகளை மிதிக்காமல் களை எடுப்பதே தனிப் பயிற்சி. நூற்றுக்கும் மேற்பட்ட இனங்களை அப்படி வளர்த்திருக்கிறார்கள். கைவிடப்பட்ட துண்டுகளைவிட நட்டுப் பேணிய துண்டுகளில் மரங்களின் எண்ணிக்கையும் வகையும் கவிப்பும் விரைவாகத் திரும்புகின்றன என்று அவர்களுடைய அளவீடுகள் காட்டுகின்றன. சிங்கராஜாவின் ஓரத்தில் நட்ட பைன் தோட்டங்களிலும் இதைப் போல ஒன்று நடந்தது. நிமல், சாவித்திரி குணதிலக இணையரும் மார்க் ஆஷ்டனும் பைன் வரிசைகள் சிலவற்றை அகற்றி வெளிச்சம் விட்டு, அந்த நிழலில் உள்ளூர் மழைக்காட்டு மரங்களை வளர்த்துக் காட்டினார்கள்.

இருபது ஆண்டில் இப்படிக் கீழடுக்கையும் நடுவடுக்கையும் மீட்கலாம். மேலடுக்கை யாராலும் நட முடியாது. பொந்துள்ள பெருமரம் வேண்டுமென்றால் இன்று நிற்பதைக் காப்பது ஒன்றே வழி. அவற்றில் பல காப்புக்காட்டுக்கு வெளியே, காபித் தோட்டங்களில் நிழல்மரமாக நிற்கின்றன. அங்கே நாட்டு மரத்தை எடுத்துவிட்டு, விரைவில் வளர்கிற, மிளகு ஏற்ற வசதியான, வெட்டி விற்க எளிதான சில்வர் ஓக் நடுவது பல ஆண்டுகளாக நடந்துவருகிறது. நாட்டு மரத்தை வைத்திருக்கும் தோட்டக்காரருக்கு இன்றைய விதிகளில் தொல்லைதான் மிச்சம், ஆதாயம் ஏதுமில்லை. அதை மாற்ற ஒரு கன்றும் நட வேண்டியதில்லை, ஓர் அரசாணை போதும்.